பார்சல் வந்துச்சு... பெஞ்ச் வரலையே! திண்டுக்கல் திரும்பக் கண்டுபிடிக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்கள்

கடைசியாக எப்போது வாழை இலை போட்டு, பக்கத்து ஆளோடு தோள் இடிக்க உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டீர்கள்? பார்சல் கணக்கில் வராது. ஆப்பில் ஆர்டர் போட்டு, மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, ஓ.டி.டி-யில் பாதிப் படம் பார்த்தபடி சாப்பிட்டதும் கணக்கில் வராது. எதிர் இலைக்காரர், "தம்பி, அந்த தால்சாவை இப்படித் தள்ளுங்க" என்று கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டு முடிக்கும் முன்பே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்று, உங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் கணக்கு.

திண்டுக்கல்காரர்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. 1957-ல் நாகசாமி நாயுடு இங்கே 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்' ஆரம்பித்தார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால், கடைக்கு 'தலப்பாக்கட்டி' என்ற பேரே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ கடைகள் வந்துவிட்டன. சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னத் துண்டாகக் கறி, தூக்கலாக மிளகு. எந்தக் கடை பெஸ்ட் என்று கேட்டால் ஒரே வீட்டுக்குள் மூன்று பதில் வரும்.

ஊரடங்கிலும் இந்தப் பிரியாணி நின்றுபோகவில்லை. பார்சலுக்கு அனுமதி இருந்தது. அதே அரிசி, அதே கறி, அதே மாஸ்டர். ஆனாலும் வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தவர்கள், "என்னமோ குறையுதே" என்றார்கள். சூடு ஆறிப்போனது ஒரு காரணம், ஒத்துக்கொள்ளலாம். அது மட்டும்தான் காரணமா?

2022 மார்ச் 3-ம் தேதியோடு தமிழ்நாட்டில் கொரோனா கட்டுப்பாடுகள் கிட்டத்தட்ட எல்லாமே விலக்கப்பட்டன. கல்யாணத்துக்கு 500 பேர், இறப்பு நிகழ்வுக்கு 250 பேர் என்ற வரம்பு மட்டும்தான் அப்போது பாக்கி இருந்தது. இரண்டு வருடமாக 'தளர்வு', 'நீட்டிப்பு', 'தளர்வுகளுடன் நீட்டிப்பு' என்று கேட்டே பழகிய காதுக்கு அது புதுசாக இருந்தது. அப்போது நமக்குத் திரும்பக் கிடைத்தது என்ன? அது இத்தனை நாள் இல்லாமல் இருந்தது நம்மை என்ன செய்தது? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

'நின்னு குடிக்கக் கூடாது!'

கொஞ்சம் பின்னால் போவோம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. அடுத்த இரண்டாவது நாள் சாயங்காலம் தமிழ்நாட்டில் 144. அங்கே ஆரம்பித்தது. முதல் அலையின்போது பயம் இருந்தது, கூடவே ஒரு புதுமையும் இருந்தது. டல்கோனா காபி எல்லாம் கலக்கினோமே, ஞாபகம் இருக்கா? இரண்டாவது அலையில் அந்தப் புதுமையெல்லாம் போய், பயம் மட்டும்தான் மிச்சம். 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 24 முதல் மளிகைக் கடைகளையும் மூடிய இன்னும் கடுமையான ஊரடங்கு.

அதற்குப் பிறகு, ஜூன் 14-ம் தேதி வந்த ஒரு தளர்வுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். தொற்று குறைந்த 27 மாவட்டங்களில் டீக்கடைகளைத் திறக்கலாம் என்றார்கள். ஆனால், பார்சல் மட்டும்தான். பாத்திரம் கொண்டுவந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடை பக்கத்தில் நின்று குடிக்க அனுமதி கிடையாது.

அன்றைய நிலைமைக்கு அது சரியான உத்தரவுதான். ஆனால், யோசித்துப் பாருங்கள்... டீ உண்டு, டீக்கடை கிடையாது! தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தவர்களுக்கு டீத்தூளும் பாலும் சர்க்கரையும் கிடைத்தன. பாய்லருக்கு முன்னால் நின்று, "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு, சர்க்கரை கம்மியா" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் கையில் இருக்கும் பேப்பரின் பின்பக்கத்தை எட்டிப் படிக்கும் அந்த 10 நிமிஷம் கிடைக்கவில்லை. டீ போடத் தெரியாத வீடு எது? நாம் டீக்கடைக்குப் போனதே அந்த 10 நிமிஷத்துக்காகத்தான் என்பதை அந்தத் தூக்குவாளிதான் காட்டிக்கொடுத்தது.

ஜூலை 5 முதல் பாதி இருக்கைகளோடு ஹோட்டலிலும் டீக்கடையிலும் உட்கார அனுமதித்தார்கள். அப்புறம் ஒமைக்ரான் வந்தது. 2022 ஜனவரியில் இரவு ஊரடங்கு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முழு ஊரடங்கு என்று மறுபடியும் ஒரு ரவுண்டு. அதனால்தான், 'எல்லாம் சரியாயிடுச்சு' என்று நம்புவதற்கே பலருக்கு அப்போது தயக்கமாக இருந்தது.

பிரியாணிப் பசியும் ஆள் பசியும்

அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் லிவியா டொமோவா, ரெபெக்கா சாக்ஸ் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கொரோனா வருவதற்கு முன்பே நடத்தி முடித்த சோதனை அது. முடிவுகள் 2020 நவம்பரில் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வெளியாகின.

40 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாள், 10 மணி நேரம் அவர்களை ஓர் அறையில் தனியாக இருக்கவைத்தார்கள். யாரோடும் பேச்சு கிடையாது, போனில் அரட்டை கிடையாது, சோஷியல் மீடியா கிடையாது. இன்னொரு நாள், 10 மணி நேரம் சாப்பாடு இல்லாமல் இருக்கவைத்தார்கள். இரண்டு நாளும் முடிவில் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பட்டினி கிடந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டியபோது, நடுமூளையில் 'வேணும், வேணும்' என்ற ஏக்கத்தோடு தொடர்புடைய ஒரு சின்னப் பகுதி தூண்டப்பட்டது. தனிமையில் இருந்தவர்களுக்கு, மனிதர்கள் கூடிச் சிரித்துப் பேசும் படத்தைக் காட்டியபோதும் அதே பகுதிதான் தூண்டப்பட்டது.

அதாவது, பிரியாணிக்கு ஏங்குகிற அதே இடத்தில்தான் மூளை ஆட்களுக்கும் ஏங்குகிறது. 'ஆளுக்குப் பசிக்குது' என்று நம்ம பாஷையில் ஒரு சொல் இல்லை. இருந்திருக்கலாம்.

இந்த ஆராய்ச்சியில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விஷயமும் உண்டு. ஏற்கெனவே பல மாதங்களாகத் தனிமையை உணர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு, அந்த 10 மணி நேரத் தனிமைக்குப் பிறகும் ஏக்கம் குறைவாகத்தான் பதிவானது. நியாயமாகப் பார்த்தால் அவர்களுக்குத்தானே அதிகமாகப் பசித்திருக்க வேண்டும்?

நேரத்துக்குச் சாப்பிடாமலே இருந்து பழகினால் ஒரு கட்டத்தில் பசியே எடுக்காது. வயிறு மரத்துப்போகும் என்று வீட்டில் சொல்வார்கள். 10 மணி நேரச் சோதனையை வைத்து இரண்டு வருட ஊரடங்குக்கு நேரடியாகத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால், உங்கள் வீட்டையே பாருங்கள். முன்பெல்லாம் ஒரு நல்லது கெட்டது விடாத அப்பா, இப்போது, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்கிறார். வாராவாரம் மலைக்கோட்டை ஏறப் போன ஃப்ரெண்டு, "மச்சி, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று நாலாவது முறையாக மெசேஜ் போடுகிறான். அவர்களுக்கு ஆட்களைப் பிடிக்காமல் போகவில்லை. பசி மரத்துப்போயிருக்கலாம். "கூப்பிட்டோம், வரலை" என்று விட்டுவிடாமல் ஐந்தாவது முறையும் கூப்பிட இது ஒரு நல்ல காரணம்.

பேர் தெரியாத சொந்தங்கள்

ஊரடங்கில் அம்மா, அப்பா, உயிர் நண்பர்களை நாம் முழுசாக இழந்துவிடவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம், இல்லாவிட்டால் வீடியோ கால் இருந்தது. சொல்லப்போனால் குடும்பத்தோடு தேவைக்கு அதிகமாகவே இருந்தோம்! சத்தமில்லாமல் காணாமல் போனது வேறொரு கூட்டம்.

காமராஜர் பேருந்து நிலையத்தில் தினமும் நீங்கள் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர். முழம் அளந்தபடியே, "என்ன தாயி, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று கேட்கும் பூக்கார அம்மா. காலையில் நடக்கப் போகும்போது எதிரில் வந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகும் பெரியவர். ஒரே நேரத்துக்கு டீக்கடைக்கு வரும் பூட்டுப் பட்டறை அண்ணன். இவர்களில் பாதிப் பேரின் பேர்கூட உங்களுக்குத் தெரியாது. நம்பர் தெரியவே தெரியாது. நம்பர் இல்லாதவர்களுக்கு வீடியோ கால் எப்படிப் போடுவது?

சமூகவியலில் இதற்கு ஒரு பேர் இருக்கிறது: 'பலவீனமான பிணைப்புகள்'. 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். பேரில்தான் பலவீனம், வேலையில் அப்படியில்லை என்பதுதான் அவர் சொன்னது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி, புது வேலை பற்றிய தகவல் எல்லாம் வருவது இந்த அரைகுறைப் பழக்கக்காரர்கள் வழியாகத்தான். "அந்த மில்லுல ஆள் எடுக்கிறாங்களாம், போய்ப் பாரு" என்று டீக்கடையில் காதில் விழும் ஒரு வரி, எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறது!

வேலை மட்டும் இல்லை, மனசுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு காபி கடையில் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. வாடிக்கையாளர்களில் ஒரு பாதியிடம், "காசைக் கொடுத்து, காபியை வாங்கிக்கிட்டு சட்டுனு வந்துடுங்க" என்றார்கள். இன்னொரு பாதியிடம், "கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சிரிச்சு, ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க" என்றார்கள். பேசிவிட்டு வந்தவர்கள்தான் அதிக சந்தோஷத்தோடு வெளியே வந்தார்கள். நம்ம ஊர் டீ மாஸ்டரிடம் சொன்னால், "இதுக்கு எதுக்குத் தம்பி ஆராய்ச்சி?" என்பார்.

வீடும் இல்லாமல், வேலையிடமும் இல்லாமல், சும்மா போய் உட்காரும் இடத்தை ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் 1989-ல் 'மூன்றாவது இடம்' என்று குறிப்பிட்டார். நமக்கு அது திண்ணை. வீடுகளில் திண்ணை போனதும் அந்த வேலையை டீக்கடை பெஞ்ச் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் நம்ம ஊரின் பேரே திண்டுக்கல். திண்டு மாதிரி ஒரு பாறை நடுவில் கிடப்பதால் வந்த பேர் என்பார்கள். சாய்ந்து உட்கார்ந்து கதை பேசுவதற்கென்றே பேர் வைத்த ஊரில், பெஞ்ச்சைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டிருந்ததைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்?

பெஞ்ச்சில் இடமில்லாதவர்கள்

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வர வேண்டும். டீக்கடை பெஞ்ச், டீக்கடை பெஞ்ச் என்று இவ்வளவு உருகுகிறோமே, அந்த பெஞ்ச்சில் பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

பெண்களின் மூன்றாவது இடங்களுக்கு 'பொழுதுபோக்கு' என்ற பேரே கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு வேலை என்ற சாக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை அபிராமி அம்மன் கோயில், மாசி மாதம் என்றால் கோட்டை மாரியம்மன் கோயில், மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் வரிசை, தையல் கிளாஸ், சந்தை. 'காய் வாங்கிட்டு வர்றேன்' என்று கிளம்பும் அந்த ஒரு மணி நேரத்தில், காய் வாங்க 20 நிமிஷம்தான் ஆகும். மிச்சம் 40 நிமிஷம் அவர்களுடையது. ஊரடங்கில் போனது அந்த 40 நிமிஷம்.

ஆண்களுக்கு டீக்கடை திறந்த பிறகும், பெண்களுக்கான பல கதவுகள் மூடியே இருந்தன. கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் பாதி வரைக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கூட்டத்தைக் குறைக்க அந்த நாள்களைத்தானே மூட முடியும்? ஆனால், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை மட்டுமே தன் 'வெளியே போவதாக' வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு, வாரமே காலியாகிவிட்டது. விஜயதசமி சமயத்தில்தான் எல்லா நாளும் திறந்தார்கள்.

இன்னொன்று, கிட்டத்தட்ட வேடிக்கை மாதிரி நடந்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்ற உத்தரவு 2021 மே 8-ம் தேதி அமலுக்கு வந்தது. மே 10-ம் தேதி முழு ஊரடங்கு. பஸ்ஸே கிடையாது! டிக்கெட் இலவசமாகக் கிடைத்து முழுசாக இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சலுகையின் ருசி தெரிய ஆரம்பித்தது பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான். அதனால், இதில் திரும்பக் கிடைத்ததோடு சேர்த்து, முதல்முறையாகக் கிடைத்ததும் இருக்கிறது. சின்னாளப்பட்டியிலிருந்தோ தாடிக்கொம்பிலிருந்தோ டவுனுக்கு வர இனிமேல் வீட்டில் பஸ் காசு கேட்க வேண்டாம். காசு கேட்க வேண்டாம் என்றால், 'எதுக்குப் போற?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் பாதி குறைந்துவிடும். இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியவில்லை என்றால், வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பஸ்ஸுக்குள் நடக்கும் பேச்சும் லேசுப்பட்டது இல்லை. சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்பவர்கள் ரயில், பஸ் பயணிகளிடம் ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார்கள். 'தெரியாத ஆளோடு பேசிக்கொண்டு போனால் பயணம் எப்படி இருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, 'போர்' என்றுதான் பலர் நினைத்தார்கள். நிஜமாகவே பேசிக்கொண்டு போனவர்களோ, சும்மா உட்கார்ந்து போனவர்களைவிட நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். காதில் இயர்போனை மாட்டுவதற்கு முன்பு பக்கத்து சீட் அக்காவிடம் ஒரு தடவை, "எங்கக்கா இறங்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

60 கிலோமீட்டர் பந்தல்

திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காரைக்குடி, மதுரை, திருச்சி பக்கமிருந்தெல்லாம் நடந்து வருபவர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று நீளும் பாதை. பேரிலேயே எத்தனை சத்திரம் பாருங்கள். வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் கொடுப்பது இந்த ரோட்டுக்குப் பழைய பழக்கம்.

ராத்திரி 2 மணிக்குச் சுக்கு காபி கொடுப்பவர்கள், மத்தியானம் நீர்மோரும் பானகமும் ஊற்றுபவர்கள், கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதே கிடையாது. "சாமி, சாப்பிட்டுப் போங்க" என்ற ஒரே அழைப்புதான். நடப்பவர்களுக்குத்தான் இது பக்தி என்று நினைக்கிறோம். பந்தல் போட்டவர்களுக்கு வருடத்தில் அதுதான் பெரிய சந்தோஷம்.

2021-ல் தைப்பூசத்துக்குத் தமிழ்நாடு அரசு முதன்முதலாகப் பொது விடுமுறை விட்டது. 2022-ல் தைப்பூசம் ஜனவரி 18-ம் தேதி வந்தது. ஒமைக்ரான் காரணமாக ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. விடுமுறை இருந்தது, தரிசனம் இல்லை! அதனால்தான் 2022 மார்ச் 18-ம் தேதி வந்த பங்குனி உத்திரத்துக்கு இந்தப் பக்கம் தனி மதிப்பு இருந்தது. 2020-ல் அது முழு ஊரடங்குக்கு நடுவில் வந்துபோனது. 2021-ல் இரண்டாவது அலையின் வாசலில் வந்தது. 2022-ல்தான் கூட்டம் கூட்டமாக இருந்தது. அடுத்து சித்திரைத் திருவிழா வந்தது. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதை இரண்டு வருடமாகப் பார்க்க முடியாமல் இருந்தவர்கள், அப்போதே லீவுக்கு எழுதிக்கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள்.

தியேட்டர் கதை உங்களுக்கே தெரியும், அதனால் சுருக்கமாக. 'மாஸ்டர்' வந்தபோது பாதி சீட். 'கர்ணன்' ரிலீஸான மறுநாளே திரும்பப் பாதி சீட். 2022 பிப்ரவரியில் 'வலிமை'க்கு ஹவுஸ்ஃபுல் சத்தம் கேட்டது. படம் எப்படி என்ற சண்டைக்கு இங்கே வரவில்லை. தனியாக இருப்பதைவிட ஆட்களோடு இருக்கும்போது நாம் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்று ராபர்ட் ப்ரொவைன் என்ற நரம்பியல் ஆய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார். ஓ.டி.டி-யில் பார்த்தபோது மொக்கையாகத் தெரிந்த ஒரு காமெடி, தியேட்டரில் வெடித்துச் சிரிக்கவைக்கும் ரகசியம் இதுதான்.

கஞ்சியில் ஆரம்பிங்க

இரண்டு நாள் காய்ச்சலில் பட்டினி கிடந்தவருக்கு எடுத்ததும் பிரியாணி வைக்க மாட்டோம் இல்லையா? முதலில் கஞ்சி, அப்புறம் ரசம் சாதம். மரத்துப்போன ஆள் பசிக்கும் அதே வைத்தியம்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வருடம் கழித்து 300 பேர் இருக்கும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும், 'எப்படா வெளியே போவோம்' என்று இருந்ததா? உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே நேரத்தில் 20 பேர், "என்ன பண்ற, எங்க வேலை, எப்போ கல்யாணம்?" என்று கேட்டால் யாருக்கும் மூச்சு முட்டும். அந்தக் கேள்விகளிலிருந்து இரண்டு வருடம் லீவு கிடைத்ததில் உங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் இருந்திருந்தால், அதுவும் தப்பில்லை. '50 பேருக்குத்தான் அனுமதி' என்ற ஒரு வரியை வைத்து எத்தனையோ வீடுகளில் காதுகுத்தும் கல்யாணமும் கடன் வாங்காமல் முடிந்தன. கூடவே, 'எனக்குச் சொல்லலையே' என்று பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளும் உண்டு. எல்லாவற்றையும் பழையபடி திருப்பிக்கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்குப் பசிக்கிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால், மண்டபத்துக்கு முன்னால் பெஞ்ச். பெஞ்ச்சுக்கு முன்னால் ஒரு 'வணக்கம்ணே'. பிரியாணியை வாரத்தில் ஒரு நாளாவது பார்சல் வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெளியே வரவே யோசிக்கும் அப்பாவைத் திருவிழாவுக்குக் கூப்பிடாதீர்கள். "ஆயக்குடி வரைக்கும் வண்டியில போய் கொய்யா வாங்கிட்டு வருவோமா?" என்று கேளுங்கள். முகமே பார்த்து ஒரு வருடம் ஆன ஃப்ரெண்டை ட்ரிப்புக்குக் கூப்பிட்டால் வர மாட்டான். 'உங்க தெருவுலதான் இருக்கேன், கீழ வா' என்று சொன்னால் லுங்கியோடு வந்து நிற்பான்.

மாஸ்க்? கூட்டமான பஸ்ஸிலும், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போகும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். உத்தரவுக்காக இல்லாவிட்டாலும் அந்த வீட்டுப் பாட்டிக்காக. 60 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 2022 மார்ச் 16 முதல் முன்னெச்சரிக்கை டோஸ் போட்டார்கள். இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஊசி போட்டுவிட்டு வரும் வழியில் கொஞ்ச நேரம் கோயில் வாசலில் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தால் இரண்டு வேலையும் முடிந்திருக்கும்.

20 பேரோடு முடிந்த கேதம்

இவ்வளவு நேரம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசினோம். சந்தோஷம் என்ற வார்த்தையில் சேராத, ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது.

2021 மே மாத ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்குத்தான் அனுமதி. கொரோனாவால் இறந்தவர்கள் என்றால் அதுவும் இல்லை; முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் அனுப்பிவைத்த குடும்பங்கள் ஏராளம். நம்ம பக்கம், நல்லதுக்கு அழைத்தால்தான் போவோம். கெட்டதுக்கு அழைக்காமலே போவோம். சேதி காதில் விழுந்ததும் போட்ட வேலையைப் போட்டபடி பஸ் ஏறி, கேதத்துக்குப் போய் நிற்போம். பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நூறு, இருநூறு பேர் என்ன செய்துவிடுகிறார்கள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மே மாதம் துக்க வீடுகளுக்கு அந்த 'அவ்வளவுதான்' கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் கைகூப்பும் எமோஜிகள் வரிசையாக வந்தன. நீங்களும் ஒன்று போட்டிருப்பீர்கள், வேறு வழி இருக்கவில்லை.

அந்த வீடுகளில் வருடா வருடம் திதி வரும். 2021 மே மாதத்தில் போக முடியாமல் போன வீடு எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃப்ரெண்டோட அப்பாவாக இருக்கலாம், பழைய டியூஷன் டீச்சராக இருக்கலாம், தெருமுனைக் கடைக்காரராக இருக்கலாம். இத்தனை நாள் கழித்துப் போய் நின்றால் என்ன நினைப்பார்களோ, ஆறின புண்ணைக் கிளறின மாதிரி ஆகிவிடுமோ என்று தயக்கம் வரும். பல வீடுகளில் அது ஆறவே இல்லை, கேட்க ஆள் வராததால்.

தேதி தெரியவில்லை என்றால் அந்த வீட்டில் யாரிடமாவது போன் போட்டுக் கேளுங்கள். முடிந்தால் அன்றைக்குப் போங்கள், இல்லாவிட்டால் அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் போங்கள். ஒரு முழம் பூ போதும், போட்டோவுக்குப் போட. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போக வேண்டாம்; எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனார், கடைசியாக என்ன சொன்னார் என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். நடுவில் டீ வரும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.